கண் சிவக்கவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்

மத்திய மாகாண சுகாதார அதிகாரிகளுக்கும், மலையகத் தோட்டங்களின் வைத்திய உதவியாளர்களுக்கும்,

வணக்கம்.

கண் சிவந்து பீளை தள்ளினால் தோட்டத்து டிஸ்பென்சரியில் உடனே மருந்து கிடைக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும் கண் மங்குகிறது என்று ஒரு பெண் வந்து சொன்னால்தான் சிக்கல். சொட்டு மருந்தும் பனடோலும் கொடுத்து, கண் முகாம் வரும்போது கண்ணாடிக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். என் தங்கச்சிக்கும் அதுதான் நடந்தது. கண்ணைத் திருப்பினால் உள்ளுக்குள் வலி என்றாள். அடுத்தடுத்த நாட்களில் அம்மாவின் நெற்றிக் குங்குமம் அந்தக் கண்ணுக்கு வெளிறிப் பழுப்பாகத் தெரிந்தது. பிறகு அம்மாவின் முகமே தெரியவில்லை.

அது பார்வை நரம்பு அழற்சி. 20 முதல் 40 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கே அதிகம் வருகிறது. கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கும்போது, கருவி வைத்துப் பார்த்தாலும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

ஆனால் ஒரு டோர்ச் லைட் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டான மூலையில் உட்கார வைத்து, நல்ல கண்ணில் வெளிச்சம் அடித்து, சட்டென்று மங்கிய கண்ணுக்கு மாற்றுங்கள். சுருங்கி நிற்க வேண்டிய கண்மணி விரிந்தால் பார்வை நரம்பைச் சந்தேகியுங்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, சிவப்பு மூடி போட்ட பேனாவைக் காட்டுங்கள். ஒரு கண்ணுக்கு நிறம் வெளிறினால் அன்றைக்கே கண் வைத்திய நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். எந்தக் கண், எப்போதிருந்து, திருப்பினால் வலியா, சிவப்பு மங்கலா என்று சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். மொழி தெரியாத வரிசையில் நம் பெண்கள் ‘கண் தெரியல்ல’ என்பதற்கு மேல் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

ஸ்டீரோய்ட் மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சாதாரண அளவில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடியது. ஸ்டீரோய்டை நாளம் வழியாக அதிக அளவில் ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் தேறியது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் பார்வை பெருமளவு திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் நியூரோமைலிட்டிஸ் ஒப்டிகா என்றொரு நோய் ஒரே தாக்குதலில் பார்வையைப் பறித்துவிடக்கூடும், முள்ளந்தண்டு நரம்பையும் தாக்கும். அதில் தாமதம் தாங்காது. எது எந்த நோய் என்று டிஸ்பென்சரியில் வைத்துச் சொல்லிவிட முடியாது.

காசநோய்க்கு எதம்பியூட்டோல் எடுப்பவர்களையும் மறக்காதீர்கள். அந்த மருந்தே சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். மாதாந்தக் கிளினிக்கில் நிறம் சரியாகத் தெரிகிறதா என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அதிகாரிகளே, இந்த டோர்ச் பரிசோதனையை வைத்திய உதவியாளர்களின் பயிற்சியில் சேருங்கள். ஒரு கண் திடீரென மங்கினால் அதே நாளில் அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் அறிவியுங்கள். இப்படி அனுப்பப்படுகிற பெண்ணுக்கு அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களிடமும் பேசுங்கள். சம்பளம் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை