அது தூக்க மாத்திரை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைக்கு மக்கள் வழக்கில் இரண்டு பெயர்கள்தான்: தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை. பெயர்தானே என்று விட்டுவிட முடியவில்லை. மருந்து எடுப்பதில் நேரும் பல தவறுகள் அந்தப் பெயரிலிருந்தே முளைக்கின்றன. தூக்க மாத்திரை என்று நம்புகிறவர் தூக்கம் வராத இரவில் மட்டும் போட்டுக்கொள்கிறார். நன்றாகத் தூங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா தூக்கமில்லை என்றால் அட்டையிலிருந்து இரண்டைப் பிய்த்துக் கொடுக்கிறார்.

எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃபுளூவாக்சிடின் போன்ற மருந்துகள் தலைவலி மாத்திரை போல ஒரு மணி நேரத்தில் வேலை செய்பவை அல்ல. நாள் தவறாமல் எடுத்தால் 2 முதல் 4 வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு 6 வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். தொல்லை முதலில் வருவதும் பலன் பிறகு வருவதும்தான் இதில் உள்ள சிக்கல். முதல் சில நாட்களில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு இருக்கக்கூடும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வருகிறவர் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினால், மறுநாள் அந்த அட்டையைத் தொடவே மாட்டார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டால் தீர்ந்துவிடும் விஷயம் இது. விசைத்தறியில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஓட்டுகிறவர்கள், இரண்டு ஷிப்டிலும் விழித்திருக்கும் ஒரு நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஷிப்ட் மாறினாலும் மாத்திரை நேரம் மாறாது.

ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். ஈடுகட்ட இரண்டாகப் போடவே கூடாது.

அந்த முதல் வாரங்களில் வீட்டார் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 25 வயதுக்குக் கீழ் உள்ள சிலருக்கு, மருந்து தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் அமைதியின்மையும் உயிரை விடும் எண்ணமும் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர், பதின்வயதினருக்கும், 2007இல் 24 வயது வரையுள்ள இளைஞர்களுக்கும் இதை மருந்தின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையாக அச்சிடச் செய்தது. மருந்தே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. மாத்திரையை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுங்கள், முதல் மாதம் அவரைத் தனியே விடாதீர்கள், பேச்சில் மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இதற்கு நேர்மாறாக, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், நிற்காத பேச்சு, கண்மண் தெரியாத செலவு என்று மாறினாலும் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதைக் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

தூக்க மாத்திரை என்ற பெயர் ஓரளவு உண்மையாகிப்போன இடமும் ஒன்று உண்டு. எஸ்சிடலோபிராமும் குளோனசெபமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. குளோனசெபம் உடனே தூக்கம் தரும், ஆனால் பழக்கமாகிவிடும். பொதுவாக அது தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கான துணை மருந்து மட்டுமே. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் அதே அட்டையை வாங்குகிறவர்களுக்குத் தாங்கள் இரண்டு மருந்து எடுக்கிறோம் என்பதே தெரிவதில்லை. வயதானவர்கள் இரவில் தடுமாறி விழுகிறார்கள். நாள்பட எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதோடு அச்சிட்டிருக்கும் மூலப்பெயர்தான் மருந்து. மூலப்பெயர் இரண்டு இருந்தால், இரண்டும் இன்னும் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு மருத்துவர்கள் இரண்டு கம்பெனிப் பெயரில் எழுதிய ஒரே மருந்தைச் சேர்த்து விழுங்கும் ஆபத்தும் இந்த மூலப்பெயரைப் படித்தால் நீங்கும்.

தறியிலும் கொலுசுப் பட்டறையிலும் நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு மூட்டுவலி, முதுகுவலி மாத்திரை அன்றாடத் தேவை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றை மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்தால் இரைப்பையில் ரத்தம் கசியும் வாய்ப்புக் கூடுகிறது. மலம் தார் போலக் கறுத்தால் அது எச்சரிக்கை. சாதாரண வலிக்கு அளவோடு பாராசிட்டமால் போதும். டிராமடால் கலந்த வலி மாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் டானிக்கும் வேறு வகை ஆபத்து. நடுக்கம், கடும் வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்கு, மனச்சோர்வு மாத்திரையும் சேரும்போது உடலில் சோடியம் இறங்கலாம். சோர்வு, தள்ளாட்டம், பிதற்றல் எல்லாவற்றையும் வயதின் தலையில் போடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மது அறவே வேண்டாம்.

நிறுத்துவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மனம் தெளிந்துவிட்டது, இனி எதற்கு என்று தோன்றும். நலமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். முன்பே மனச்சோர்வு வந்து போனவர்களுக்கு 2 ஆண்டுகள் வரைகூட ஆகலாம். பிறகு 4 வாரமோ அதற்கு மேலோ எடுத்து, மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். சட்டென விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தாற்போன்ற உணர்வு தோன்றலாம். பாராக்சிடின், வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்துகளில் இது கடுமை. அதைக் கண்டு 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்' என்று பயப்படுகிறார்கள். அடிமைத்தனம் வேறு, உடல் பழகிய மருந்தைத் திடீரெனப் பறிப்பது வேறு. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்களும், கார்த்திகையில் மாலை போடுபவர்களும் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. விரதம் விட்டுச் சாப்பிடும் வேளைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். கர்ப்பம் தெரிந்தவர்களும் தாமாக நிறுத்தாமல் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் கடைசி அட்டை தொடங்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். மழையில் மலைப்பாதை அடைபட்டால் நாலு நாள் மருந்து இல்லாமல் போகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்து இலவசம். தகரக் கூரை வீட்டில் மாத்திரையைப் பரண் மேல் வைக்காதீர்கள், கோடை வெப்பம் ஆகாது.

மெடிக்கல் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். சிவப்புக் கோடு போட்ட இந்த அட்டையைப் புதிய சீட்டு இல்லாமல் தராதீர்கள். கவரின் மேல் 'தூக்கத்துக்கு' என்று எழுதாமல், மருந்தின் மூலப்பெயரையும் போட வேண்டிய நேரத்தையும் மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டிய தேதியையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
சேலம்.