ஓவனுக்கு எதையும் வாங்குவதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஓவனில் விளக்கு எரிகிறது, கேக்கின் மேற்புறம் கருகுகிறது, அடிப்பகுதி மட்டும் மாவாகவே நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் புதிதாக வாங்கிப் போட்டுவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. மேலே கருகுகிறதென்றால் மேல் காயிலுக்கு, அதாவது மேலே சூடாகும் உலோகக் குழாய்க்கு, மின்சாரம் ஒழுங்காகப் போகிறது. தெர்மோஸ்டாட் அடியோடு செத்திருந்தால் இரண்டு காயில்களுமே சூடாகியிருக்காது. எனக்குச் சந்தேகம் கீழ்க் காயில் மீதுதான்.

முதலில் குமிழைப் பார். சதுரத்துக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கோடுகள் உள்ள படத்தில் அது நிற்க வேண்டும். வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் கோடு என்றால் அது கிரில். மேல் காயில் மட்டும்தான் வேலை செய்யும். ஓவனின் அடியில் அலுமினியத் தாள் விரித்திருந்தால் எடுத்துவிடு. அது கீழிருந்து வரும் சூட்டை மறைத்துவிடும்.

இனி நான் சொல்வதை வரி பிசகாமல் செய். பிளக்கைப் பிடுங்கு, பிளக் இல்லாமல் நேராக இணைத்திருந்தால் மின்பலகையில் அதற்குரிய எம்.சி.பி. சுவிட்சை இறக்கு. குமிழைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும் என்று நினைத்துவிடாதே. குமிழ் அணைந்திருந்தாலும் காயிலின் ஒரு முனையில் மின்சாரம் நிற்கக்கூடும். இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஓவன் நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்து, கீழ்க் காயிலை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார். அந்த உலோகக் குழாய்க்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைத் திணித்திருப்பார்கள். உள்ளே கம்பி அறுந்த இடத்தில் குழாய் சில நேரம் கொப்புளம்போல் உப்பியிருக்கும், அல்லது சிறு குழி விழுந்து பொடி வெளியே தெரியும். அப்படி எதையாவது கண்டால் வேறு சோதனையே வேண்டாம், காயிலை மாற்ற வேண்டியதுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையென்றால் காயிலின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, மின்சாரம் அளக்கும் கருவியான மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளவு) வைத்து இரு முனைகளிலும் தொடு. 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் காயில் ஏறத்தாழ 26 ஓம் காட்டும். 1200 வாட் என்றால் 44. மீட்டர் அசையவே இல்லையென்றால் கம்பி அறுந்துவிட்டது. ஒரு முனைக்கும் ஓவனின் உடம்புக்கும் நடுவில் ஏதாவது எண் காட்டினாலும் அந்தக் காயில் ஆகாது. உடம்பில் மின்சாரம் கசியும்.

காயில் நன்றாக இருந்தும் சூடு வராமல் போகும். எனக்கே நடந்திருக்கிறது. புதுக் காயில் போட்டும் ஓவன் குளிர்ந்தே கிடந்தது. பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், வயர் வந்து செருகும் கிளிப் தளர்ந்து, வெள்ளியாக மின்ன வேண்டிய முனை கரித்துண்டுபோல் இருந்தது. வயரின் மேலுறை தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பழைய காயிலில் ஒரு குறையும் இல்லை. நீ எதையும் வாங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று நான் துடிப்பது அதனால்தான். உன் ஓவனிலும் அப்படி இருந்தால், வயரைச் செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு, சூடு தாங்கும் புதுக் கிளிப்பைப் போட வேண்டும். சாதாரண வயரையும் டேப்பையும் அங்கே சேர்க்காதே, உருகிவிடும்.

காயில், கிளிப் இரண்டும் சரியாக இருந்தால், குமிழிலிருந்து கீழ்க் காயிலுக்குப் போகும் இணைப்பைப் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்தவர் கையில் விடு, நீ தொடாதே. கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

எல்லாம் சரியான பிறகு, ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்து 180 டிகிரியில் அரை மணி நேரம் ஓடவிடு. பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவது இயல்பு. முப்பது நாற்பது டிகிரி குறைவாகவே நின்றால், நீ கேட்ட தெர்மோஸ்டாட்டைப் பற்றி அப்போது பேசலாம்.

மீட்டர் காட்டிய எண்ணையும், காயிலுக்குப் பின்னால் வயர் செருகும் இடத்தின் படத்தையும் அனுப்பு. இரவில் தூக்கக் கலக்கத்தோடு இதைத் தொடாதே. பகல் வெளிச்சத்தில் செய்.

அன்புடன்,
அம்மா