கைரவான் அத்தியாயம் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. பாட்டிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பெரியப்பா பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே, அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

உன் ஆய்வேட்டில் துனிசியாவின் பழைய ஊரான கைரவானைப் பற்றிய அத்தியாயத்தை மறுபடி படித்தேன். அடுத்தது இன்னும் வரவில்லை. துனிஸில் உனக்கு வேலை அதிகமாக இருக்கும், அவசரமில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட அக்லபி மன்னர்கள் கட்டிய குளங்களைப் பற்றி நீ எழுதியிருப்பதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. வற்றாத ஆறு பக்கத்தில் இல்லாத சமவெளியில், பைசாந்தியக் கப்பற்படைக்கு எட்டாத தூரத்தில் 670-இல் அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபி ஊரை நிறுவினார். நீ அங்கிருந்தே தொடங்கியது சரி. ஆனால் குளம் வேலை செய்த விதத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாய். வெள்ளநீர் முதலில் சுமார் 37 மீட்டர் அகலமுள்ள சின்னக் குளத்தில் விழும். வேகம் அடங்கும், வண்டல் அடியில் தங்கும். இரண்டு குளங்களுக்கும் நடுவே உள்ள திறப்பு தரைமட்டத்தில் இல்லை, சுவரில் உயரத்தில் இருக்கிறது. அதனால் மேலே தெளிந்த நீர் மட்டும் சுமார் 128 மீட்டர் விட்டமுள்ள பெரிய குளத்துக்குப் போகும். சின்னக் குளத்தில் தூர் வாராமல் விட்டால் வண்டல் அந்தத் திறப்புவரை ஏறிவிடும், பிறகு பெரிய குளமும் கலங்கும். சுவரை ஒட்டி நிற்கும் உருண்டை முட்டுத்தூண்கள் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்கு. நீ அவற்றை அலங்காரம் என்று எழுதியிருக்கிறாய். இத்தனை படித்தவன் இப்படி எழுதலாமா?

ஆண்டைச் சரிபார். இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி 248-ஐ கி.பி. 870 என்று போட்டிருக்கிறாய், ஹிஜ்ரி கணக்கு தொடங்கும் 622-ஐ அப்படியே கூட்டிவிட்டாய். நிலவாண்டுக்கு 354 நாள்தான். 248-ஐ 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் 862 வரும். குளத்தைக் கட்டிய அக்லபி மன்னர் அபூ இப்ராஹீம் அஹ்மத் 863-இல் இறந்துவிட்டார், 870-இல் அவரால் எதையும் கட்டியிருக்க முடியாது. பெரிய பள்ளிவாசலை அவருக்கு முந்தைய அக்லபி மன்னர் ஸியாதத்துல்லா திரும்பக் கட்டிய ஹிஜ்ரி 221, அதாவது 836, அதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். அப்படியென்றால் முறை தெரியாமல் இல்லை, கவனம்தான் வேறெங்கோ போயிருக்கிறது. தூங்குகிறாயா, தம்பி?

ஸக்வான் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுபோன கால்வாயையும் கைரவானோடு சேர்த்துவிட்டாய். ரோமர்கள் சுமார் 132 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய அந்தக் கால்வாய் துனிஸுக்குப் பக்கத்தில் இருந்த பழைய நகரம் கார்த்தேஜுக்குப் போனது. 13-ஆம் நூற்றாண்டில் ஹஃப்ஸி மன்னர் அல்முஸ்தன்ஸிர் அதைப் பழுதுபார்த்து துனிஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கி.மு. 146-இல் ரோமர்கள் கார்த்தேஜ் மண்ணில் உப்பு விதைத்தார்கள் என்ற வரியை எடுத்துவிடு. பழைய ஆசிரியர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை, பிற்காலப் புத்தகங்களில் நுழைந்த கதை அது.

1057-இல் கைரவான் சூறையாடப்பட்டதை முழுக்க பனூ ஹிலால் என்ற அரபு நாடோடிக் கூட்டத்தின் தலையில் கட்டாதே. அவர்களை வெட்டுக்கிளிக் கூட்டத்தோடு ஒப்பிட்ட வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் பிறந்தது 1332-இல்தான். ஊரின் சரிவு அவர்கள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 921-இல், அக்லபிகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஃபாத்திமிகள் தலைநகரைக் கடலோரத்து மஹ்தியாவுக்கு மாற்றினார்கள், 973-இல் கெய்ரோவுக்கே போய்விட்டார்கள். அரசவை போனால் வியாபாரிகளும் போவார்கள். இந்தக் காரணத்தை முதலில் வை, பனூ ஹிலாலை அடுத்து வை.

வழிகாட்டிப் பேராசிரியர் ஏதாவது கடுமையாகச் சொன்னாரா? சொல்ல வேண்டாம் என்றால் விடு. இவ்வளவு தூரம் போய் இவ்வளவு தேடி வைத்திருக்கிறாய், பாதியில் நிறுத்துவதற்கு இந்த அத்தியாயத்தில் ஒரு காரணமும் இல்லை. வர வேண்டும் என்று தோன்றினால் வா, மாடி அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆண்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார். மஹ்தியா அத்தியாயம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, கையெழுத்தில் இருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. ஹிஜ்ரி ஆண்டுகளை மாற்றாமல் அப்படியே விட்டு அனுப்பு, நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா