பாடம் தயாரிக்க நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொடக்கப் பள்ளி டீச்சர் வேலை நாலு மணியோடு முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில், ஈராசிரியர் பள்ளியில், ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் நடத்துகிறேன். தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்க 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் எட்டிய நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்கார்ந்தால் அதற்கு வெட்கமில்லை, பெற்றோருக்குத்தான் வெட்கம்!

ஆனால் ஒரு குழுவை நான் வாசிக்க வைக்கும்போது மற்ற இரண்டு குழுவுக்கும் கையில் வேலை இருக்க வேண்டும். முந்தின நாளே யோசித்து, அட்டை வெட்டி எழுதி வைக்காவிட்டால் மறுநாள் வகுப்பு சந்தைக்கடைதான். பயிற்சி நூல் உதவுகிறது, சரி. என் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சட்டென்று பிடிபடுவது காபிக்கொட்டையிலும் மிளகிலும்தான். அப்புறம், காபிப் பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளைகளுக்கு விட்ட பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும்.

இதற்கான நேரத்தைத்தான் பள்ளி விவரங்களைக் கைபேசிச் செயலியில் ஏற்றும் பதிவு வேலை தின்கிறது. சிக்னல் கிடைக்கும் சாலைத் திருப்பம் வரை நடந்துபோய் ஏற்ற வேண்டியிருக்கிறது. (அங்கே பக்கத்து ஊர் டீச்சரும் நிற்பார்!) ஈராசிரியர் பள்ளிகளுக்காவது, சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு பதிவு உதவியாளரை அரசு தரலாம்.

ஓர் ஆசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.