ஸ்பிரிண்ட் கார்ப் போட்டிக்குச் சொந்தக் காரிலேயே செல்லும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். சில பருவங்களுக்கு முன்புவரை கர்பரோ, ஏன்ட்ரீ போன்ற இங்கிலாந்துப் பந்தயத் தடங்களில் காலை ஏழு மணிக்கு பேடாக்கில் (போட்டிக் கார்கள் நிற்கும் இடத்தில்) காரை நிறுத்தினால், மாலை வரை ஒரு தமிழ்ச் சொல்லும் என் காதில் விழாது. இப்போது நான்கைந்து கார்களைத் தாண்டுவதற்குள் "அண்ணா, ஜாக்கி இருக்கா?" என்று யாராவது கேட்டுவிடுகிறீர்கள். அதில் எனக்குள்ள மகிழ்ச்சியை எழுதி முடியாது. அந்த உரிமையில்தான், உங்களில் பலர் போட்டுக்கொண்டு வரும் டயர்களைப் பற்றி ஒரு வேண்டுகோளை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக வைக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் ரேஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்நாட்டு ஸ்பிரிண்ட் முதலில் விசித்திரமாகத் தோன்றும். கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை; ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டுமே மோதுகின்றன. பெரும்பாலான நாள்களில் இரண்டு பயிற்சி ஓட்டம், இரண்டு கணக்கு ஓட்டம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம், அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து நாம் உண்மையில் பந்தயம் ஓட்டுவது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காக, கவென்ட்ரியில் இருக்கும் நான் ஏன்ட்ரீக்குப் போக நூறு மைலுக்கு மேலும், ஆங்கிள்சீக்குப் போக அதைவிட வெகு தூரமும், அதே காரில், அதே டயரில் ஓட்டிச் சென்று, களைத்த உடம்போடு இரவில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. டயரைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மில் பலர் அந்த ஐந்து நிமிடத்தை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாத ஞாயிறு ஒன்றின் மாலை. ஏன்ட்ரீயில் நாள் முழுக்க வெயில். என் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் செமி ஸ்லிக் டயர்கள், அதாவது வரிப்பள்ளம் குறைந்த, பாதி ரேஸ் டயர் போன்றவை. அதுவரை நான் ஓட்டியதிலேயே நல்ல நேரம் அன்றுதான் கிடைத்தது. பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், எவ்வளவு ஆழம் என்று காலையில்தான் அளந்திருந்தேன்: நடுவில் இரண்டரை மில்லிமீட்டர். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான் என்பதால் மனத்தில் உறுத்தலே இல்லை. எம்6 நெடுஞ்சாலையில் சேண்ட்பாக் தாண்டியதும் வானம் கறுத்து, கொட்டத் தொடங்கியது. வேகத்தை 60 மைலுக்குக் குறைத்துவிட்டு, நடுத்தடத்தில் ஒரு லாரிக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் என் மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. திடீரென்று அவள் கேட்டாள்: "அப்பா, ரோட்டுச் சத்தமே கேக்கலையே, ஏன்?" அவள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டீயரிங் என் கையில் எடையற்றுப் போனது. டயர் தரையை விட்டுத் தண்ணீரின் மேல் ஏறிவிட்டால் சாலையின் இரைச்சல் நின்றுவிடும் என்பதை நான் படித்திருந்தேன். காதால் கேட்டது அன்றுதான். கார் லாரியின் பக்கம் அரைத் தடம் அளவுக்கு நகர்ந்தது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் மெல்லக் காலை எடுத்தேன். இரண்டு நொடியோ மூன்று நொடியோ, இரைச்சல் மறுபடி வந்தது. அடுத்த சாலையோர ஓய்விடத்தில் காரை நிறுத்தி, மழை விட்ட பிறகே கிளம்பினேன். அந்த டயர்களை அதன்பின் சாலையில் ஓட்டவில்லை.

நடந்தது என்ன என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, டயரின் தடம் 180 மில்லிமீட்டர் அகலம், வேகம் 60 மைல், அதாவது நொடிக்கு 27 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்க டயர் ஒவ்வொன்றும் நொடிக்கு 14 லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தன் வழியிலிருந்து அகற்ற வேண்டும்; நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ ஒரு குடம். அந்தக் குடம் வெளியேறுவதற்கான வாய்க்கால்தான் நாம் பட்டன் என்று சொல்லும் வரிப்பள்ளம். புதுச் சாலை டயரில் அந்த வாய்க்கால் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம். செமி ஸ்லிக்கில் புதிதாக இருக்கும்போதே வாய்க்கால்களின் எண்ணிக்கையும் குறைவு, ஆழமும் குறைவு. ஓட ஓட அதுவும் தேய்ந்து போகும்.

வாய்க்கால் அடைபட்டால் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு, 1960-களில் நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹோர்னும் உடனிருந்தோரும் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து ஒரு எளிய சூத்திரம் தந்தார்கள். டயரின் காற்றழுத்தத்தைப் பவுண்டில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று விடை வரும். என் காருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் 26 பவுண்டு காற்றுக்கு விடை 53 மைல். நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 70 மைல். நல்ல ஆழமுள்ள பட்டன் அந்த எல்லையை மேலே தள்ளிக் கொடுக்கும். தேய்ந்த பட்டனால் அது முடியாது. 60 மைலுக்குக் குறைத்துவிட்டேனே என்று அன்று நான் கொண்ட நிம்மதிக்கு எந்த அடிப்படையும் இருக்கவில்லை.

"சட்டத்துக்கு உட்பட்டதுதானே அண்ணா?" என்று உங்களில் ஒருவர் சென்ற பருவத்தில் என்னிடம் கேட்டார். டயரின் அகலத்தில் நடு முக்கால் பங்கில், சுற்றளவு முழுவதும் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். தவறினால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் மூன்று தண்டப் புள்ளிகளும் விழலாம். நான்கும் தேய்ந்திருந்தால் பன்னிரண்டு புள்ளி, உரிமமே பறிபோகும் நிலை. ஆனால் சட்டம் வரைந்திருப்பது கடைசிக் கோடு மட்டுமே. ஈரச் சாலையில் கார் நிற்க எடுக்கும் தூரம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே பட்டன் இறங்கியதுமே விரைவாக நீளத் தொடங்குகிறது.

இனி, தடத்துக்கு வருவோம். செமி ஸ்லிக் இல்லாமல் நேரம் எடுக்க முடியாது என்று நினைக்கிறீர்கள். காய்ந்த தடத்தில் அதில் உண்மை உண்டு. ஈரத் தடத்தில் இல்லை. செமி ஸ்லிக்கின் ரப்பர் சூடேறினால்தான் ஒட்டும். ஸ்பிரிண்டிலோ வரிசையில் அரை மணி நேரம் ஆறிக் குளிர்ந்த டயரோடு புறப்பட்டு, ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். மழை அந்தக் கொஞ்சச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கா கலந்த நல்ல சாலை டயர் குளிரிலேயே பிடிக்கும், தண்ணீரையும் வெளியேற்றும். கர்பரோவில் மார்ச் மாதக் காலை மழையில், என்னுடையதைவிடச் சக்தி குறைந்த ஹாட்ச்பேக் ஒன்று சாதாரணச் சாலை டயரில் வந்து என்னை இரண்டு வினாடிக்கு மேல் தோற்கடித்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

ஏன்ட்ரீயைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல ஆசை. நாம் ஓட்டும் அந்தத் தடத்தில்தான் 1955 முதல் 1962 வரை ஐந்து முறை பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்தது. 1961-இல் கனமழையில் தொடங்கிய பந்தயத்தில் ஃபெர்குசன் பி99 என்ற நான்கு சக்கர இயக்கக் காரும் ஓடியது. அதே கார்தான் 1964-இல் பீட்டர் வெஸ்ட்பரிக்கு பிரிட்டிஷ் ஹில் க்ளைம்ப் (மலைச்சாலையில் ஏறும் கார்ப் பந்தயம்) பட்டத்தைப் பெற்றுத் தந்தது. ஈரத்தில் பிடிப்பு எங்கிருந்து வரும் என்று மூளையைக் கசக்கியவர்கள் நின்ற இடத்தில்தான் நாம் நிற்கிறோம். அங்கே மொட்டை டயரோடு போய் நிற்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டு செட் வைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. வசதி இருந்தால் செய்யுங்கள், அதுவே சிறந்தது. சாலை டயரில் ஓட்டி வந்து, காய்ந்த நாளாக இருந்தால் பேடாக்கில் மாற்றி, மாலையில் திரும்ப மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் நான்கு சக்கரங்களை எதில் கொண்டுவருவது? எம்எக்ஸ்-5 டிக்கியில் நான்கும் அடங்காது. ரிம்மோடு ஒரு சக்கரம் ஏறத்தாழ 15 கிலோ. அதைக் கட்டாமல் பக்கத்து இருக்கையிலோ பின்னிருக்கையிலோ போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். நெடுஞ்சாலையில் ஒரு முறை அழுத்திப் பிரேக் போட்டால் அது உங்கள் பின்னந்தலைக்கு வரும். பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். டிரெய்லர் வாங்குவதானால் தனித் தேர்வு இப்போது தேவையில்லை. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் உரிமமே 3,500 கிலோ வரை இழுக்க அனுமதிக்கிறது. டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் 60 மைலைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் மறவாதீர்கள். ஒரே ஊரிலிருந்து வரும் இருவர் மூவர் சேர்ந்து ஒரு டிரெய்லர் வைத்துக்கொண்டால் செலவும் பகிரப்படும்.

அந்த வசதி இல்லாதவர்களுக்கு, நம்மில் பெரும்பாலோருக்கு, என் வேண்டுகோள் இதுதான்: ஒரே செட் என்றால் அது நல்ல சாலை டயராக இருக்கட்டும். இந்நாட்டு மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் அமைப்பான மோட்டார்ஸ்போர்ட் யூகேயின் டயர்ப் பட்டியல்களில் பந்தயச் சாயல் மிகுந்த சாலை டயர்கள் லிஸ்ட் 1பி-யிலும், அன்றாடச் சாலைக்கு நெருக்கமானவை லிஸ்ட் 1ஏ-யிலும் இருக்கின்றன. யோகோஹாமா ஏ048, டோயோ ஆர்888 போன்றவை 1பி வகை. நீங்கள் போட்டியிடும் வகுப்பின் விதியைப் படித்துவிட்டு, 1ஏ பக்கம் நில்லுங்கள். புது டயரோடு வரும் தரச்சீட்டில் ஈரப் பிடிப்புக்கு 'ஏ' தரம் பெற்றதைத் தேடுங்கள். மலிவு என்று பழைய டயர் வாங்குமுன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிய ரப்பர் மழையில் பிடிக்காது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்க முடிந்தால், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும் அவற்றைப் பின்னால் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், மீட்க நேரமிருக்காது. காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்ற காய்ந்த நாள் வழக்கத்தையும் மழையில் விட்டுவிடுங்கள். டயர் சூடேறாததால் அழுத்தம் தானாக உயராது. ஆகவே காய்ந்த நாளில் தொடங்குவதைவிட இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாக வைத்தே நான் தொடங்குகிறேன்.

இதனால் காய்ந்த நாளில் நேரம் போகும். எனக்குப் போயிற்று, கர்பரோவில் ஒரு வினாடிக்கு மேல், வகுப்பில் சில இடங்கள். முதல் பருவத்தில் அது வலித்தது, மறைக்கவில்லை. பிறகு நேரம் மெல்லத் திரும்பி வந்தது, டயரிலிருந்து அல்ல, முன்பு டயர் மறைத்துக்கொண்டிருந்த என் பிழைகளைத் திருத்தியதிலிருந்து.

நமக்குள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சாலையில் ஓட்டி வரும் எந்தக் காரிலும், வீடு திரும்பும்போது பட்டன் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாலையில் கிளம்புமுன் ஒருவர் டயரை மற்றவர் அளக்கட்டும். வீல் நட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பார்க்கட்டும். குறைவாக இருந்து, மழையும் பெய்தால், அவர் தனியாகக் கிளம்ப வேண்டாம். காரை நிறுத்திவிட்டு நம்மில் ஒருவரோடு போகட்டும், அல்லது மழை விடும்வரை நாம் அவரோடு இருப்போம். என் காரில் ஆழமானியும் காற்றுமானியும் எப்போதும் இருக்கும். 195/50 ஆர்15 அளவில் நல்ல பட்டனுள்ள சாலை டயர் நான்கு, ரிம்மோடு, என் கராஜில் சும்மா இருக்கின்றன. உங்கள் காருக்குப் பொருந்துமானால் முதல் நாளே சொல்லுங்கள், எடுத்து வருகிறேன். திருப்பித் தர அவசரமில்லை.

அன்புடன்,
கவென்ட்ரியில் வாழும் உங்கள் கோவை அண்ணன்