பழைய டவரை அணைக்கும் முன் லயத்துக்குள் ஒரு போன் போட்டுப் பாருங்கள்

மொபைல் சேவை நிறுவனங்களுக்கும் மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கும்,

வணக்கம். பழைய 2ஜி சேவையை அணைத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள் நான். இப்போது வேலை தேனியில். அம்மா இன்னும் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருக்கிறார், கொழுந்து எடுக்கப் போகிறார்.

அம்மாவின் பட்டன் போன் ஜன்னல் கம்பியில், சாரல் படாமல் ஒரு பாலிதீன் பையில் தொங்கும். வீட்டில் அந்த ஒரு முழ இடத்தில்தான் ரேஞ்ச். பத்து வருஷம் அங்கேயே மணி அடித்தது. போன வருஷம் டவரில் ஏதோ மாற்றினார்கள். அப்புறம் சிக்னல் கோடு ஒன்றுகூட வரவில்லை. சரி என்று 4ஜி பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். வாசலில் நின்றால் குரல் கேட்கிறது, உள்ளே வந்தால் அறுந்துபோகிறது. ஆடி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பேசுகிறார் அம்மா.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2ஜி பெரும்பாலும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடியது. 4ஜியில் 2300, 5ஜியில் 3300க்கும் மேல் என்று உயர்ந்த அலைவரிசைகளும் வந்துவிட்டன. அந்த எண் ஏற ஏற அகலமான அலைவரிசை கிடைப்பதால் டேட்டா வேகமாக ஓடும்; ஆனால் அலை எட்டும் தூரம் குறையும், கல்சுவரையும் மலை மடிப்பையும் தாண்டத் திணறும். 4ஜியில் பேச்சும் டேட்டாவாகத்தான் போகிறது. அந்த வோல்ட்இ வசதி இல்லாத போன், பேசுவதற்குப் பழைய 2ஜியையோ 3ஜியையோ தேடி இறங்கும். அதையும் அணைத்துவிட்டால் எங்கே இறங்கும்?

நாட்டின் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. 2022 அக்டோபரில் 5ஜி வந்தது. இடையில், 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. எங்கள் ஆட்கள் அவர்கள்.

அதனால் கேட்கிறேன். மலைக்கு 700, 850, 900 அலைவரிசைகளில் 4ஜி கொடுங்கள். கரண்ட் போனால் ஒரு ராத்திரியாவது தாங்கும் பேட்டரியை டவரில் வையுங்கள். அதுவரை 2ஜியை அணைக்காதீர்கள். சிக்னல் அளக்க வருகிறவர்கள் ரோட்டோடு ஜீப்பில் போய்விடாமல், இறங்கி லயத்துக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு போன் போடட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அம்மா வீட்டில்தான் இருப்பார். கட்டஞ்சாயா போட்டுக் கொடுப்பார்.

இப்படிக்கு,
மூணாறு எஸ்டேட் தொழிலாளியின் மகள்