மெல்லிய இசை, எளிய இசை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அக்கூஸ்டிக் இண்டி ஃபோக் குழுக்களை, அதாவது மின்கருவிகளை அதிகம் நம்பாமல் நாட்டுப்புறச் சாயலில் பாடும் சுயாதீனக் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால் ஒரு கிட்டாரும் நல்ல குரலும் இருந்தால் இந்த இசைக்குப் போதும் என்று அதில் சொல்லியிருப்பதை ஏற்க மனம் வரவில்லை.

டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் முழங்கும்போது சின்னப் பிசிறு யார் காதிலும் விழாது. இங்கே விழும். தந்திகளை விரல்களாலேயே மீட்டும் ஃபிங்கர்பிக்கிங்கையே பாருங்கள். கட்டைவிரல் தடித்த தந்திகளில் தாளத்தை விடாமல் பிடித்திருக்க, மற்ற விரல்கள் மெட்டை மீட்ட வேண்டும். ஒரே ஆள் பேஸ், ரிதம், மெலடி மூன்றையும் கவனித்துக்கொண்டு பாடவும் வேண்டும்! மறைந்த ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக் இதோடு நிற்காமல் தந்திகளின் சுருதியையே பாட்டுக்குப் பாட்டு மாற்றி வைத்தார். 1972-இல் வந்த அவரது 'பிங்க் மூன்' ஆல்பம் முழுக்க அவர் குரலும் கிட்டாரும்தான். ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. அப்படியும் எங்குமே வெறுமை தெரியாது. இன்றைய இண்டி ஃபோக் குழுக்கள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

அப்புறம் குரல்கள். கட்டுரை இதைத் தொடாமலே போனதுதான் எனக்குப் பெரிய குறை. ஃப்ளீட் ஃபாக்ஸஸ் குழுவின் 2008 ஆல்பத்தில் பல குரல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரே குரலாக விரிகின்றன. நார்வேயின் கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ் இதற்கு நேர் எதிர். இருவர், இரண்டு கிட்டார், கிட்டத்தட்டக் காதோடு பேசுகிற குரல். அவ்வளவு மெதுவாகப் பாடும்போது மூச்சு வாங்குவதும், தந்தியில் விரல் நகரும்போது எழும் கீச்சொலியும்கூடக் கேட்கும். அவற்றைத் துடைத்தெடுத்துவிட்டால் பாடகர் நம்மைவிட்டுத் தூரம் போய்விடுவார்.

மேடையில் நடப்பது அதுதான். ராக் கச்சேரிக்கு வைக்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் கிட்டாரின் முன் மைக் வைத்தால் ஃபீட்பேக் (ஒலிபெருக்கியின் சத்தமே மைக்குக்குத் திரும்பி எழும் கூச்சல்) வரும் என்று, கிட்டாரிலேயே பொருத்திய பிக்கப் என்ற கருவி வழியாக மட்டும் ஒலியை எடுக்கிறார்கள். மரப்பெட்டியின் அதிர்வு பெரும்பாலும் போய், தந்தியின் ஓசை மட்டும் மிஞ்சுகிறது. சத்தத்தைக் குறைத்து, நல்ல மைக் ஒன்றை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உங்கள் விமர்சகர்கள் இனி இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும்போது பாடல்களோடு ஒலியமைப்பையும் கவனித்து எழுதினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்